பீரங்கிக்குப் போட்ட பொன்னாடை

எங்கள் கட்சியில் நான் ஒருவன்தான். ஆகவே நாடு போருக்குப் போவதற்கு என் சம்மதம் தேவைப்பட்டது. இது வழக்கம்தான்.

நான் இரவு ஷிப்ட் வேலையை விட்டவன். விட்ட மறுநாள் மதியம் தூங்கி எழுந்தபோது எம்.பி. ஆகியிருந்தேன். கட்சியின் பெயர் அனைத்துலக மொட்டைமாடி மக்கள் கட்சி. மாலையோடு வந்தவர்கள் சொல்லித்தான் பெயரே தெரிந்தது. ஆட்சிக்கு ஓர் ஓட்டு குறைந்தது. அது என் சட்டைப்பையில் இருந்தது.

கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றில் பெரிய நாடு நம்மிடம் ஒரு போர்க்கப்பல் கேட்டது. பிரதமர் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கப்பலில் பீரங்கி சுடுகிறவள் என் தங்கை பொற்கொடி. எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. கப்பல் போகக்கூடாது. என் கொள்கை அவ்வளவுதான்.

கூட்டணிப் பேச்சு அரசு விருந்தினர் மாளிகையில் நடந்தது. கப்பலை போர்டிகோவில் கார்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். டிரைவர்கள் அதன்மேல் சாய்ந்து டீ குடித்தார்கள். பொற்கொடி மேல்தளத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, முடிவாயிடுச்சா? சாயங்காலம் கிளம்பணும்கிறாங்க. துவைச்ச துணி இன்னும் காயல."

"பேசிட்டு வர்றேன்" என்றேன்.

உள்ளே ஒரு நடைபாதை இருந்தது. அதன் கடைசியில் பிரதமரின் அறை. ஒவ்வொரு சிறிய கட்சியும் ஒரு நிபந்தனை சொல்லும்போது நடைபாதை ஓர் அறை அளவு நீண்டது. உப்பளக் கட்சி, போர் ராகு காலத்தில் தொடங்கக்கூடாது என்றது. சரி என்றார்கள். வள்ளலார் வழிக் கட்சி, சைவப் போர் என்றால் சம்மதம் என்றது. சரி என்றார்கள். மலைப்பகுதிக் கட்சி, கப்பல் தங்கள் தொகுதியில் நின்று போகவேண்டும் என்றது. தொகுதியில் கடல் இல்லை. அதையும் தருவதாகச் சொன்னார்கள். இப்போது பிரதமரின் அறை கண்ணுக்குத் தெரியவில்லை.

கூட்டணி ஒருங்கிணைப்பாளர் வேதமுத்து என்னை ஓரமாக அழைத்துப் போனார். தொழிலில் பழுத்தவர். தோளில் எப்போதும் ஒரு கட்டுப் பொன்னாடை. என் நிபந்தனையைக் கேட்டதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

"கப்பல் போகக்கூடாதுன்னு கேக்காதீங்க தம்பி. அது கொள்கை. வாரியம் கேளுங்க, மேம்பாலம் கேளுங்க. கொள்கை கைவசம் இல்ல."

நான் வேறு எதுவும் வேண்டாம் என்றேன். அவர் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்திவிட்டுப் போய்விட்டார். இனி நான் கூட்டணி. எதிர்த்துப் பேசமுடியாது.

பிறகு புகைப்படம். தலைவர்கள் மண்டபத்தில் வரிசையாக நின்றார்கள். போர் என்பதால் பீரங்கியையும் கப்பலிலிருந்து இறக்கி வந்திருந்தார்கள். பொற்கொடிதான் தள்ளிக்கொண்டு வந்தாள். இடம் இல்லாததால் வரிசையின் கடைசியில் நிறுத்தினாள்.

வேதமுத்து முதல் ஆளிலிருந்து பொன்னாடை போர்த்தத் தொடங்கினார். அவர் முகம் பார்த்துப் போர்த்துகிறவர் அல்ல. கண் கேமராவில் இருக்கும், கை தானாகப் போகும். போன தேர்தலில் ஒரு தூணுக்குப் போர்த்தினார். தூணை யாரும் படமெடுக்கவில்லை. அதனால் பிழைத்தார். இந்த முறை பீரங்கிக்குப் போர்த்தினார். எல்லாக் கேமராக்களும் மின்னின.

என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பொன்னாடை போட்டுப் படமும் எடுத்துவிட்டால் கூட்டணியில் சேர்ந்ததாக அர்த்தம். போட்ட பொன்னாடையைத் திரும்ப எடுத்தால் ஆட்சி கவிழும்.

வேதமுத்து பீரங்கியைக் கும்பிட்டார். ஒரு நாற்காலி போடச் சொன்னார். தங்கள் நிலைப்பாடு என்ன என்று பணிவாகக் கேட்டார். பீரங்கி பதில் சொல்லவில்லை.

ஒரு வாரியத் தலைவர் பதவி தருவதாகச் சொன்னார். பதில் இல்லை. இணை அமைச்சர் பதவி. பதில் இல்லை.

"பிடியே குடுக்க மாட்டேங்குறாரே" என்று வேதமுத்து என்னிடம் முணுமுணுத்தார். "எத்தனையோ பேரப் பாத்துட்டேன். இவர் ரொம்பப் பெரிய ஆளு தம்பி."

பீரங்கி பேசாமல் இருக்க இருக்க நடைபாதை சுருங்கியது. மற்ற கட்சிகள் பயந்துபோய்த் தங்கள் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கின. கடைசியில் பிரதமரின் அறை மண்டபத்தை வந்து இடித்தது. கதவு திறந்தது. பிரதமர் கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றார்.

"அவருக்கு என்னதான் வேணும்?"

நான் பீரங்கியின் அருகில் போய் நின்றேன். அவர் மேல் கையை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் தனி அணி" என்றேன். "அவர் சார்பா நான் பேசுறேன்."

"சொல்லுங்க."

"அவர் சுட மாட்டாராம்."

பிரதமர் ஓர் அப்பளத்தை நொறுக்கினார். யோசித்தார். கூட்டணி தர்மம் என்று ஒன்று இருக்கிறது. தோழமைக் கட்சியை அதன் விருப்பத்துக்கு மாறாக யாரும் வெடிக்கவைக்க முடியாது.

"இவர் சுடலன்னா கப்பல் அங்க போயி என்ன செய்யும்?"

"சும்மா நிக்கும்."

"அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? இங்கயே நிக்கட்டுமே."

எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய நாட்டுக்கு உடனே தகவல் போனது. தோழமைக் கட்சி சம்மதிக்கவில்லை, வருந்துகிறோம், உங்கள் ஊரில் இந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். அங்கேயும் இருக்கிறது என்று பதில் வந்தது. பீரங்கிக்குப் பொன்னாடை போடும் யோசனை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. எத்தனை பொன்னாடை தேவைப்படும் என்று விசாரித்தார்கள். வேதமுத்து அன்று மாலையே இரண்டு மூட்டையோடு விமானம் ஏறினார்.

பீரங்கி போர்டிகோவிலேயே ராணுவ அமைச்சராகப் பதவியேற்றார். உறுதிமொழியை அவருக்காக நான் படித்தேன். வெளியே மேளம் அடித்தார்கள். பிரியாணி போட்டார்கள். மலைப்பகுதிக் கட்சிக்குக் கொடுத்த கடலைத் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் குதித்துக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. தொண்டர்கள் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். அமைச்சர் லேசாக நடுங்கினார். பட்டாசு என்றால் அவருக்கு ஆகாது. பொற்கொடி அவர் காதருகே கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

சத்தம் அடங்கியதும் அவள் கப்பலுக்குப் போய் வாளியோடு திரும்பி வந்தாள். போர்டிகோவில் சாய்வாக நல்ல மாலை வெயில். ஈரச் சீருடையை உதறினாள். கொடி கட்ட இடம் தேடினாள். பிறகு அமைச்சரைப் பார்த்தாள்.

"ஐயா, கொஞ்ச நேரம்தான்" என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சட்டையை அவருடைய நீண்ட குழாயின்மேல் விரித்துப் போட்டாள்.