சுண்டுவிரலுக்கு ஏற்ற பெயர்

இரும்புலியூரிலேயே அசரியா என்ற பெயர் ஒருத்தருக்குத்தான். அதுதான் வினையாகப் போயிற்று. கிருஷ்ணன், ராமசாமி என்று இருந்திருந்தால், யாரோ எவனோ என்று அந்தத் தாளை மடித்து வைத்திருப்பார்.

கைக்குட்டை தேடித்தான் மனைவி சாராளின் பையைத் திறந்தார். அவள் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்த தாளில், 'அசரியா வாஸ் ஆப்சென்ட் அகெய்ன்' என்று ஆங்கிலத்தில் பத்து முறை அடித்திருந்தது. அதன் கீழே, 'அசரியா சாட் ஆன் எ பெஞ்ச் அட் தி ஸ்டேஷன்.' அசரியா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தானாம்; அதுவும் பத்து முறை.

அவர் தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். பம்மல் தோல் கம்பெனியில் குமாஸ்தா வேலை போய் ஒரு மாதமாகிறது. மேனேஜரை எல்லார் முன்னாலும் எடுத்தெறிந்து பேசியதன் பலன். அறுபத்தெட்டாம் வருஷம், வேறு வேலை குதிரைக்கொம்பு. சாராளிடம் சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் சலவைச் சட்டையோடு கிளம்பி, தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் பொழுதைத் தள்ளிவிட்டுத் திரும்புவார்.

அப்படியானால் அவளுக்குத் தெரியும்! ஆள் வைத்துப் பார்க்கிறாள். கடலை விற்கிறவனா, டிக்கெட் கலெக்டரா? முந்தாநாள், "இன்னிக்கு ஆபீஸ்ல நிறைய வேலையா?" என்று கேட்டாளே, அது கூடக் கொக்கிதான். தப்புச் செய்தவர் தான்தான் என்பது மறந்தே போய், அவள்மீது கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் சாயங்காலம் நேரே இன்ஸ்டிட்யூட்டுக்குள் நுழைந்தார். பத்து மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன. சாராளின் முன்னால் தாளை ஆட்டினார்.

"நான் வேலைக்குப் போகாம ஸ்டேஷன்ல உக்காந்திருக்கறத உனக்கு யாரு சொன்னது? என்னையே வேவு பாக்கறியா?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சாராள் எழுந்து நின்றாள். மாஸ்டர் குப்புராஜ்தான் ஓடிவந்தார்.

"இன்னா சார், இதுக்குப் போயி பேஜார் பண்றீங்க! இடது கை சுண்டுவிரல்தான் சார் யாருக்கும் வணங்காது. ஏ, இசட் ரெண்டும் அந்த விரல்லதான் அடிக்கணும். ஒங்க பேர இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, ஏ, இசட், மறுபடி ஏ. இந்த மாதிரி பேரு லேசுல கெடைக்குமா? மேடம் வந்து சேர்ந்தப்ப ஒங்க பேரச் சொன்னாங்க, புட்ச்சிகினேன். பெஞ்சு, ஸ்டேஷன் எல்லாம் நானா வச்சது."

அசரியா சுற்றிலும் பார்த்தார். பத்து மெஷின்களிலும் அவர் பெயர்தான். அடுத்த மெஷினில் இருந்த பெண் அவரை 'ஆப்சென்ட்' வரைக்கும் அடித்து வைத்திருந்தாள். அப்பாடா என்று சிரிக்கக்கூட வாயைத் திறந்துவிட்டார். சாராளின் முகத்தைப் பார்த்த பிறகுதான், தன் வாயாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டது உறைத்தது. தலை குனிந்தார். இத்தனை பேர் எதிரில் அவள் காறித் துப்பினாலும் நியாயம்தான் என்று தோன்றியது.

சாராள் கிட்டே வந்தாள்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம்."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான் கட்டிக் குடுத்த சாப்பாட்டை, ஒரு மாசமா அங்க தனியா உக்காந்தா சாப்பிட்டீங்க?"