நைசுலா எழுந்துவிட்டாள்

மின்நிலையத்துக்காக நைசுலாவை எரிமலைச் சரிவிலிருந்து இடம்பெயர்த்த மறுவாரம், அவள் பழைய வீட்டருகே நீராவி புகைந்துகொண்டிருந்த நிலப்பிளவும் கிளம்பி நடந்து, சமவெளியில் அவள் கட்டிய புதுவீட்டில் படுக்கைக்கு அடியில் வந்து தங்கியது. மாடு மேய்க்கும் அவளுடைய மாசாய் இனத்தார் அதைப் பெரிதாகப் பேசவில்லை. சரிவில் செய்ததுபோலவே அங்கேயும் பெண்கள் தகரத்தைச் சாய்த்து வைத்து, ஆவி குளிர்ந்து சொட்டும் நீரைக் கன்றுகளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

மின்நிலையத்துக்குத்தான் கஷ்டம். பூமிக்குள் அனல்பாறையில் கொதிக்கும் நீர் ஆவியாகிக் குழாயில் சீறி ஏறும், சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் சுழன்றால் மின்சாரம் வரும். ஆறிய நீரை மறுபடி பூமிக்குள்ளேயே விடுவார்கள். ஆவி போனதும் சக்கரம் நின்றது. நைசுலாவைத் திரும்ப அழைத்துச் சரிவிலேயே சிமென்ட் வீடு கொடுத்தார்கள். ஆவி எட்டிப் பார்க்கவில்லை. மாசாய்களில் வீடு கட்டுவது பெண்கள் வேலை. அவள் சாணியும் மண்ணும் குழைத்துத் தன் கையால் பூசிய சுவருக்குத்தான் அது வந்தது. அதன்பின் மின்நிலையத்தார் எங்கே ஆவிக்கிணறு தோண்டினாலும் பக்கத்தில் அவள் ஒரு வீடு கட்ட வேண்டியிருந்தது. கட்டினாள், ஆவி வந்தது, அடுத்த கிணற்றுக்குக் கூப்பிட்டார்கள். இப்படியே தலை நரைத்தது. கட்டிய வீடு எதிலும் அவள் ஒரு மழைக்காலம் முழுதாகத் தூங்கியதில்லை.

கடைசியாகக் கூப்பிட வந்தவன் செருயோட் என்ற பொறியாளன்.

“இன்னும் ஒரே ஒரு வீடும்மா.”

“போன தடவையும் ஒண்ணே ஒண்ணுன்னுதானே சொன்னே தம்பி? என் இடுப்பு என்ன உங்க சக்கரமா, சுத்திக்கிட்டே கிடக்க?”

அவளுடைய சக்களத்தி ரெசியான் பால்குடுக்கையைக் கழுவியபடியே சொன்னாள்: “நீங்களே சாணி மிதிங்க சார். சட்டை வெள்ளையா இருக்கேன்னு பாக்காதீங்க.”

“நான் மிதிச்சா ஆவி வருமா?”

“ஈ வரும்.”

நைசுலா சிரிக்கவில்லை. உள்ளே போய் மாட்டுத்தோலை விரித்துப் படுத்துவிட்டாள். “இதுதான் என் கடைசி வீடு. வேணும்னா உங்க குழாயை இங்க கொண்டாங்க.”

அந்த வருட வறட்சி முடியும்வரை மின்நிலையத்தார் காத்துப் பார்த்தார்கள். பிறகு குழாய் வந்தது, ஒட்டகச்சிவிங்கிகள் கடக்க நடுவில் தூக்கி வளைத்த வெள்ளிக்குழாய். சுவரைத் துளைத்து அவள் படுக்கைக்கு அடியில் பொருத்தினார்கள். அவள் படுத்திருந்தால் சக்கரம் ஓடும். எழுந்தால் சோர்ந்துவிடும்.

“உங்க வீட்டுக்கும் ஒரு பல்பு போட்டுத் தரட்டுமாம்மா?” என்று செருயோட் கேட்டான்.

“வேணாம்ப்பா. கண்ணு கூசும். தூக்கம் வராது.”

இப்போதும் விடியற்காலையில் நைரோபி நகரம் வரைக்கும் விளக்குகள் மங்குகின்றன. ரொட்டிக் கடைக்காரர்கள், “நைசுலா பால் கறக்க எழுந்துட்டா” என்று சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அவளுக்கு இரண்டு பசுக்கள். கறந்து முடித்து அவள் மறுபடி படுக்கும்வரை நகரம் காத்திருக்கிறது.