உள்ளாளும் வெளியாளும்

"எஞ்சின் பாரம் வயித்துல இருந்தாத்தான் படகு படகா ஓடும். பின்னாடி கட்டித் தொங்கவிட்டா அது—"

"தொங்கவிட்டா என்ன மாமா? சொல்லுங்க, தொங்கவிட்டா என்ன?"

"மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும்ங்கிறேன். என்னக் கொஞ்சம் பேச விடறியா?"

"காலைலேர்ந்து நீங்கதான் பேசிட்டிருக்கீங்க. மூக்க எறக்கத்தான் எஞ்சினச் சாய்க்கிற வசதி இருக்குல்ல? உங்க எஞ்சின்ல ஒரு பெல்ட் அறுந்தா, நான் தலைகீழா அந்தப் பொந்துக்குள்ள பூந்து—"

"பூந்தா என்ன, தேஞ்சா போயிடுவே?"

"ஒரு தடவ நீங்க பூந்து பாருங்க. அப்புறம் கிரேன் வெச்சுத்தான் உங்கள வெளிய எடுக்கணும்."

கொட்டகையின் நடுவில், முட்டுக்கட்டைகளின் மேல், வண்ணம் பூசாத பந்தயப் படகு ஒன்று இருவருக்கும் இடையே கிடந்தது. அந்தப் பக்கம் படகு மேஸ்திரி. படகின் உடல் கட்டுவதில் நாற்பது வருஷப் பழக்கம். இந்தப் பக்கம் அவர் மருமகள், எஞ்சின் மெக்கானிக். கல்யாணமாகி வந்தபோது இரண்டு பெட்டிகளோடு வந்தாள். ஒன்றில் துணிமணி, மற்றதில் ஸ்பானர்கள். எது கனம் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கொட்டகையில் இன்போர்டு, அவுட்போர்டு என்று யாரும் சொல்வதில்லை. உடலுக்குள் புதைத்து வைக்கும் எஞ்சின் உள்ளாளு. பின்பக்கம் வெளியே மாட்டுவது வெளியாளு. மேஸ்திரியின் மகன் சின்ன வயதில் வைத்த பெயர்கள். வந்துபோகும் வாடிக்கையாளர்கள் வாயிலும் அவையே ஒட்டிக்கொண்டன.

போன மழைக்காலத்தில் அந்த மகன் வேறு யாருடைய பந்தயப் படகையோ ஓட்டிப் பார்க்கப் போனான். முழு வேகத்தில் முகப்புக்கு அடியில் காற்று புகுந்து படகை அப்படியே தூக்கிக் கவிழ்த்துவிட்டது. அவன் உயிரோடு திரும்பவில்லை. எஞ்சின் மேல் குறையில்லை, உடல் மேலும் குறையில்லை என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏதாவது ஒன்றின் மேல் குறை இருந்திருந்தால் தேவலை என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. திட்டுவதற்காவது ஏதாவது மிஞ்சியிருக்கும்.

அவன் பாதியில் விட்டுப்போன படகுதான் இது. எந்த எஞ்சின் என்று எஞ்சின் விற்பவருக்கு இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

"உள்ள எட்டிப் பாரு," என்றார் மேஸ்திரி. "எஞ்சின் உக்கார மேடை கட்டி வெச்சிருக்கானா இல்லியா? வெளியாளுக்கு எவனாவது மேடை கட்டுவானா?"

"அது உங்க வாய அடைக்கக் கட்டினது. எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'அப்பா ஆசைக்கு மேடை இருக்கட்டும், எஞ்சின் உன் இஷ்டம்தான்'னாரு."

"எங்கிட்ட 'நீங்க சொன்னா சரிப்பா'ன்னான்."

"எங்கிட்டயும்தான் சரின்னான்," என்று மூன்றாவது குரல் கேட்டது. டீத் தம்ளர்களோடு மேஸ்திரியின் மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கென்ன தெரியும் எஞ்சினப் பத்தி?"

"எஞ்சினப் பத்தி நான் எதுக்குப் பேசறேன்? இந்தப் படகோட போதும்டா, தண்ணிப் பக்கமே போகாதேன்னேன். சரிம்மான்னான்."

தம்ளர்களைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். டீயில் ஆடை படிந்தது. மூன்று பேருக்கும் மூன்று சரி. தனக்கு எது வேண்டும் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லையே என்று மேஸ்திரி நினைத்தார். கேட்டோமா என்றும் நினைத்தார். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

துறைமுகத்துக்கு அந்தப் பக்கத்துப் பட்டறை மருமகளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அவள் அண்ணனும் வந்துவிடு வந்துவிடு என்று போன் செய்துகொண்டே இருக்கிறான். "இந்தப் படகு முடியட்டும்" என்றுதான் இருவருக்கும் சொல்லி வைத்திருந்தாள். இதெல்லாம் மனைவி மூலம் மேஸ்திரியின் காதுக்கு வந்திருந்தது. அதனால்தான் அவர் படகை முடிய விடவில்லை. விளிம்பு கோணல் என்று ஒரு வாரம் இழுத்தார். பிசின் சரியில்லை என்று பத்து நாள். இப்போது எஞ்சின். சண்டை நடக்கிற வரைக்கும் அவள் இருப்பாள். அவள் "அவர் சொன்னாரு" என்பதற்கும் இவர் "அவன் சொன்னான்" என்பதற்கும் நடுவே, எழுந்து எங்கோ பக்கத்தில் போயிருப்பவன் போல மகனும் இருப்பான்.

சண்டையை மறுபடி மூட்டுவதற்காக, கைக்குக் கிடைத்த விறகைப் போட்டார்.

"என்ன இருந்தாலும் வெளியாளு வெளியாளுதான். நாலு போல்ட்டு. கழட்டினா அது பாட்டுக்கு வேற படகுல போய் மாட்டிக்கும். இந்த உடம்புக்கும் அதுக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?"

பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகள் நிறுத்தினாள். சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது.

"நான் எஞ்சினச் சொன்னேம்மா."

"தெரியும் மாமா. எஞ்சினத்தான் சொன்னீங்க."

அவள் கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அவளோ ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பெரியதிலிருந்து சின்னதுவரை, பெட்டியில் அததன் பள்ளத்தில் வைத்தாள். மூடினாள். பெட்டியை வாசலோரம் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மனைவி வேகமாக வந்தாள். "என்ன சொல்லித் தொலைச்சீங்க? அவ துணிய மடிச்சிட்டிருக்கா."

"எஞ்சினப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"எந்த எஞ்சினு?"

அவர் வாசலோரம் இருந்த ஸ்பானர் பெட்டியைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போயி, 'இரும்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன். வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"எந்த மொகத்த வெச்சுக்கிட்டுச் சொல்றது? அவளுக்கென்ன வயசு? நம்ம ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இங்கயே கெடன்னா?"

"அப்ப போகட்டுங்கிறீங்களா?"

"அப்படியும் சொல்லல."

"பின்ன எப்படித்தான் சொல்றீங்க?"

மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

மேஸ்திரி சுவரில் மாட்டியிருந்த அறுப்பு மெஷினை எடுத்தார். முகமூடி போடவில்லை, கையுறை போடவில்லை. காலைத் தூக்கிப் போட முடியாமல் போட்டு, படகுக்குள் இறங்கினார். மகன் கட்டிய மேடை முதுகெலும்புபோல நீளமாக இரண்டு வரிசையாக ஓடியது. கண்ணாடி இழைத் துணியை மடிப்பு மேல் மடிப்பாக ஒட்டி, மூலைகளில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் விரலாலேயே நீவி விட்டிருந்தான். இவ்வளவு மெதுவாக ஒட்டினால் எப்போதடா முடிப்பாய் என்று இவர்தான் அன்றைக்குச் சத்தம் போட்டார். அதற்கும் சரிப்பா என்றான்.

மெஷினை வைத்தார். கூச்சல் கொட்டகையை நிரப்பியது. வெள்ளைத் தூள் எழும்பி மீசையில், இமையில், முன்கை மயிரில் படிந்தது. தோலுக்குள் ஊசி ஊசியாக இறங்கியது. முதல் வரிசை லேசில் விடவில்லை. நல்ல வேலை. இந்த ஒரு தடவையாவது அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா என்று மனதுக்குள் அவனைத் திட்டினார். கடைசி முனை அறுந்து, அந்தத் துண்டு அடித்தளத்தில் மொத்தென்று விழுந்தது. கண்ணைத் துடைக்கப் போனவர் கையிலிருந்த தூளைப் பார்த்து விட்டுவிட்டார். இரண்டாவதையும் அறுத்தார்.

மெஷினை நிறுத்தியபோது தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடிப்பது கேட்டது. மருமகள் வாசலில் நின்றாள். தோளில் துணிப்பை. கையில் ஸ்பானர் பெட்டி. அதன் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாள். அவள் கண் படகுக்குள் கிடந்த இரண்டு துண்டுகளின் மேலேயே இருந்தது.

"அது அவர் கையால வெச்சது மாமா," என்றாள்.

மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை. துண்டுகளைத் தாண்டி, படகின் பின்பலகைக்குப் போய் மண்டியிட்டார். இடுப்பிலிருந்து டேப்பை உருவி, பலகையின் மேல் பிடித்தார். வெளியே மாட்டும் எஞ்சினுக்குப் பலகை எவ்வளவு உயரம் வேண்டும் என்பது அவர் கைக்கே தெரியும். இத்தனை வருஷத்தில் யாரையும் கேட்டதில்லை. தெருவில் ஹாரன் இன்னொரு முறை அடித்தது.

"இது எத்தன அங்குலம் இருக்கணும்? அத மட்டும் சொல்லிட்டுப் போம்மா."