முகம் காட்டும் இடம்

...இதுங்க ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை, காலையில ஒருத்தன் மாத்திரை வாங்கணும்னு போன வருஷத்து மருந்துச் சீட்டை நீட்டினான், இப்ப இவ, ஃபிசாவாம், அடையாறுலேர்ந்து வர்றாளாம், அத்தா, அதான் அப்பா, ஷரஃபுதீன் மாரடைப்புல போயிட்டாராம், சந்துக்குள்ள மூணாவது வீடாம், போகட்டும், அதுக்காக இந்தக் கொரோனா ஊரடங்குல சாவுக்கு இருபது பேர்ங்கற கணக்கை மீறி விட்டா இன்ஸ்பெக்டர் கிழிக்கப்போறது யாரை, கான்ஸ்டபிள் அன்புச்செல்வியைத்தானே, போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு கும்பலா வந்த வீடியோ வாட்ஸ்அப்புல சுத்தினதுக்கு வாங்கின ஏச்சு இன்னும் காதுலயே நிக்குது, நேத்து மயிலாப்பூர்ல கோயில் கேட்டைச் சாத்திட்டுப் பின்வாசல் வழியா அம்மனுக்குக் கூழ் ஊத்தினாங்களே, அங்கயும் அன்புச்செல்விதான் காவல், கண்டுக்காதேன்னு சொன்னவரும் அதே இன்ஸ்பெக்டர்தான், இவளும் ஒரு சொம்பு வாங்கிக் குடிச்சா, சாமி காரியமாச்சே... அப்ப இது? சீ, வந்த வேலையைப் பார்ப்போம்.

கெஞ்சறா பாவம், அக்காங்கறா, மேடம்ங்கறா, வீட்லதான் மூஞ்சி காட்டுவாங்க, மூடிட்டா அப்புறம் பாக்க முடியாதுங்கறா, யார்கிட்ட கதை விடறா, மூஞ்சி காட்டாம எந்த ஊர்ல பொணம் எடுக்கறாங்க, எங்க நைனாவை மயிலாப்பூர் சுடுகாட்டுல இறக்கி, துணியை விலக்கி, எல்லாரும் அரிசி போட்டு அழுது முடிச்சப்புறம்தானே எரிச்சாங்க, சாவுன்னா எல்லா இடத்துலயும் சாவுதானே. அன்புச்செல்வி நல்ல மனசோடதான் சொன்னா, "இந்த வழியாத்தான் எடுத்துக்கினு வருவாங்க, நானே நிறுத்தி மூஞ்சிய தொறந்து காட்டச் சொல்றேன், நிழல்ல நில்லு." அவ நிழலுக்குப் போகலை, பேரிகேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வீட்டையே பார்த்துக்கிட்டு நின்னா, அரை மணி நேரம், எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரி.

வந்தாங்க, சந்தூக்குப் பெட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு, தோள் மாத்தி மாத்தி, இவ்வளவு வேகமாவா நடப்பாங்க, மூடி போட்டு மேலே பச்சைத் துணி, அன்புச்செல்வி ஓடிப்போய்க் குறுக்கே நின்னா, பொண்ணு பாக்கட்டும், தொறங்கன்னா, முன்னாடி நடந்த பெரியவர் அவ முகத்தைக்கூடப் பார்க்காம, "முகம் காட்டி மூடியாச்சும்மா, இனிமே தொறக்கறதில்லை"ன்னார், அதுக்குள்ள ஜீப் மைக்குல இன்ஸ்பெக்டர், ரோட்ல ஏன் கும்பல் சேக்கறே, நவுத்துன்னு, அவ்வளவுதான், கை தானா லத்தியைத் தூக்கிச்சு, போங்க போங்க, கலைங்க... போயிட்டாங்க, பொம்பளைங்க அடக்கம் பண்ற கபர்ஸ்தானுக்குப் போற வழக்கம் கிடையாதாம், அதையும் அந்தப் பெரியவர்தான் போற போக்குல சொல்லிட்டுப் போனார்.

அழுவான்னு பார்த்தா அழலை, மண்ணை வாரித் தூத்துவான்னு பார்த்தா அதுவும் இல்லை, கம்பியை விட்டுட்டுச் சும்மா நிக்கறா, ஏதாவது சொல்லித் தொலையேண்டி... அன்புச்செல்வி பேரிகேட்டைத் தள்ளி வழி விட்டா, குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, "இப்ப போலாம்மா, உள்ள ஆள் கொறஞ்சிடுச்சு"ன்னா. ஃபிசா தாண்டிப் போனா, திரும்பலை, மூணாவது வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டினா, உள்ளே போயிட்டா, அன்புச்செல்வி இன்னும் அந்த வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கறா, எதுக்கு நிக்கறோம், என்ன பாக்கி... அட, ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போவான்னா காத்துக்கிட்டு இருக்கோம்?