முதல் செட்டில் ஒரு பெயர்

நாவிதர் தர்மன் பிணத்தின் அரைஞாண் கயிற்றை அறுத்தபோது அதில் முடிந்திருந்த சாவி வழுக்கிச் சேற்றில் விழுந்தது. குளிப்பாட்டிய தண்ணீர் வாசலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. விசுப்பலகையில் கிடந்த சிங்காரவேலுவின் உடம்பைத் திருப்பிப் பிடித்திருந்த பங்காளிகள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தர்மன் மட்டும் சவரப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்தார். அதற்குள் பச்சையம்மாளின் வலது கால் சாவியின் மேல் இருந்தது.

அவள் மாரில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். கால் நகர்ந்த அந்த அரை நொடி அழுகை நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணின் அழுகையில் கணக்குப் பார்ப்பது பெற்ற பிள்ளைக்கு அழகில்லைதான். ஆனால் குழந்தைவேல் பார்த்துவிட்டான். அப்பா சிங்கப்பூரிலிருந்து பச்சைத் தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து, பத்து வருஷமாக அவன் கண் வைத்திருந்த சாவி அது.

மீன்சுருட்டி ஊரில் அவனுக்குப் பட்டாளத்தான் என்று பெயர். ஒரு நாள்கூட அவன் பட்டாளத்தில் இருந்ததில்லை என்பதுதான் அந்தப் பெயரின் விசேஷம்.

சிங்காரவேலு சிங்கப்பூரில் வெள்ளைக்காரனின் கப்பல் தளத்தில் கூலி. மகனை ஏழு வயதில் அங்கே கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பச்சையம்மாள் ஊரில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். அறுபத்தஞ்சில் சிங்கப்பூர் தனி நாடானபோது, அதன் பட்டாளம் என்று சொல்ல இரண்டே பட்டாலியன்கள். அதிலும் பாதிப் பேர் பக்கத்து நாட்டுக்காரர்கள். அறுபத்தேழில் சட்டம் போட்டார்கள். நாற்பத்தொன்பதாம் வருஷத்தின் முதல் ஆறு மாதத்தில் பிறந்த பையன்கள் அத்தனை பேரும் வந்து பெயர் கொடுக்க வேண்டும். ஒன்பதாயிரம் பேர் கொடுத்தார்கள். பத்தில் ஒருவனைத்தான் முழுநேரப் பட்டாளத்துக்குப் பொறுக்கினார்கள். மற்றவர்கள் சாயங்கால டிரில்லோடு தப்பித்துக்கொண்டார்கள்.

குழந்தைவேலின் பிறப்புச் சீட்டில் நாற்பத்தொன்பது மார்ச் என்று இருந்தது. அவனும் போய் வரிசையில் நின்றான். டாக்டர் அவனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பதினெட்டா என்று இரண்டு தடவை கேட்டுச் சிரித்தார். முடிவு தெரிவதற்குள் அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அம்மா சாகக் கிடக்கிறாளாம். நாகப்பட்டினத்தில் இறங்கி அடித்துப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தால், சாகக் கிடந்தவள் கொல்லையில் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா பாஸ்போர்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தான் மட்டும் திரும்பிப் போனார். அடுத்த மாதம் கடிதம் வந்தது. 'உன்னைப் பட்டாளத்துக்கு எடுத்து நோட்டீஸ் வந்திருக்கிறது. இனி இங்கே வந்தால் ஜெயில். ஊரோடு இரு.'

அந்த நோட்டீஸை அவன் கண்ணால் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பட்டாளத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. கூடப் படித்த மாயவன் மூன்றாவது பட்டாலியனில் சேர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுக்க வந்த வெளிநாட்டு ஆபீசர்கள் அடையாளத்தை மறைத்துத் தங்களை மெக்சிகோக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டதும், அறுபத்தொன்பது அணிவகுப்பில் டாங்கிகள் ஓடியதும், இரண்டு வருஷம் முடித்து வீட்டுக்குப் போனவனையும் வருஷத்துக்கொரு தடவை கூப்பிட்டுத் துப்பாக்கி கொடுப்பதும் டீக்கடையில் இவன் வாயால் ஊருக்கே பாடம். "நம்ம உடையார்பாளையம் தாலுக்கா அளவுகூட இல்லாத ஊருக்கு டாங்கி எதுக்குடா? திருப்ப எடம் இருக்கா?" என்று கேட்பார்கள். இவன் விடமாட்டான். "மொத செட்டுலயே எடுத்த ஆளுய்யா நானு. பத்துக்கு ஒருத்தன்" என்பான். சொல்லி முடித்ததும் அவனுக்கே சந்தேகம் வந்துவிடும். நிஜமாகவே எடுத்தார்களா? இல்லை, வயலுக்கு ஓர் ஆள் வேண்டுமென்று அப்பன் கட்டிய கதையா? கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்டபோதும் தொலைந்துவிட்டது என்று சொல்லி, கண்ணகிக்கும் அவனுக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும் பார்த்து முடித்தவர்கள்தானே இவர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாய்த்தகராறில் கேட்டே விட்டான். "நீங்க பயந்தாங்கொள்ளி. என்னயும் பயந்தாங்கொள்ளியா ஆக்கி வச்சிருக்கீங்க." அப்பா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே எழுந்து கொல்லைப்பக்கம் போனார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. நேற்று ராத்திரி மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும் அவர் கூப்பிட்டது பச்சையம்மாளைத்தான்.

உடம்புக்கு வேட்டி சுற்றிக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேல் அம்மாவைக் கையைப் பிடித்து நெல் மூட்டை அறைக்குள் இழுத்தான்.

"சாவியக் குடு."

"என்ன சாவி?"

"காலுக்கு அடியில வச்சிருந்தியே, அந்தச் சாவி. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்காத."

பச்சையம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். "எடுத்துட்டுப் போயி எரிச்சிட்டு வாடா சாமி. காரியமெல்லாம் முடியட்டும். நானே தரேன்."

"காரியம் முடியறதுக்குள்ள பொட்டி காலியாப் போயிடும். எனக்குத் தெரியாதா உன்ன? சாகக் கெடக்கறேன்னு சேதி அனுப்புனவதானே நீ."

அவள் முகம் சுருங்கியது. பேசவில்லை. அந்தப் பேசாமையே அவனுக்குச் சாட்சியாகப் பட்டது. சந்தேகம் பிடித்தவனுக்கு, எதிராளி வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம்.

அவன் வாசலுக்கு வந்து எல்லாரும் கேட்கச் சொன்னான். "அந்தப் பொட்டியில என்ன இருக்குன்னு பாக்காம நான் கொள்ளி வைக்க மாட்டேன்."

பறை சட்டென்று நின்றது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரவேலுவின் தம்பி சின்னதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏன்டா, பொணத்தப் போட்டுக்கிட்டுப் பொட்டி தொறக்கற வேளையா இது? அப்பன் சொத்தா ஓடிப்போவுது?"

"சொத்து வேண்டாம் சித்தப்பா. எனக்கு ஒரு காயிதம் வேணும். இருந்தா இருக்குது, இல்லன்னா இல்ல. எம் பொழப்ப இந்த மனுசன் ஏன் கெடுத்தாருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

"பொழுது சாயுது. ஒத்த மவன் நீ. நீ வைக்காட்டி நான் வைக்கறேன், போ."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பச்சையம்மாள் அறையிலிருந்து வெளியே வந்தாள். மகன் இருக்கும்போது தம்பி கொள்ளி வைத்தான் என்ற பேர் அந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று நினைத்தாளோ, வேறென்ன நினைத்தாளோ. முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். சாவியை மகன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

பெட்டி உள்ளறையில் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. கண்ணகி விளக்கை எடுத்துக்கொண்டு கூட வந்து, "இப்ப வேணாங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே காக்கிக் கால்சட்டை, கப்பல் தளத்துப் பாஸ், இரண்டு பாஸ்போர்ட். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய காகிதங்கள். மேலாக இருந்தது நோட்டீஸ். அவன் பெயர், பிறப்புச் சீட்டு நம்பர், ஆகஸ்ட் மாதம் இன்ன தேதி, இன்ன இடத்தில் ஆஜராக வேண்டும். எல்லாம் சுத்தமான இங்கிலீஷில்.

எடுத்திருக்கிறார்கள். பொய்யில்லை. பத்தில் ஒருவன். நெஞ்சு விம்மியது. வாசலில் இருக்கும் டீக்கடை ஆசாமிகளிடம் இப்போதே காட்ட வேண்டும் போலிருந்தது. இப்படி ஒரு காகிதத்தைப் பதினாலு வருஷம் ஒளித்து வைத்த மனிதரை என்ன சொல்வது என்ற ஆத்திரமும் கூடவே வந்தது.

இரண்டாவது காகிதத்தைப் பிரித்தான். அதிலும் அவன் பெயர்தான். குழந்தைவேல், தகப்பன் பெயர் சிங்காரவேலு. தலைப்பை மறுபடி படித்தான். அது இறப்புச் சீட்டு.

அடுத்த வரியைப் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. மகன் செத்துப்போனான் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துத்தான் தளத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்! ஜெயில் என்றது கதை. செத்தவன் எந்த நாட்டுக்குத் திரும்பிப் போக முடியும்? காகிதத்தைப் பிடித்தபடி அம்மா முன்னால் வந்து நின்றான்.

"என்னச் சாவடிச்சிட்டாரா உம் புருசன்? சீட்டு வாங்கி வச்சிருக்காரு பாரு, நான் செத்துட்டேன்னு!"

பச்சையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காகிதத்தின் பழுப்பும் மூலையிலிருந்த முத்திரையும் தெரியும். கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிய விதத்தில் சின்னப் பிள்ளையை வாங்குவது போல் ஒரு பக்குவம் இருந்தது.

"இது நீ இல்லடா."

"எம் பேருதானே போட்டிருக்கு?"

"ஒனக்கு முன்னால ஒருத்தன் பொறந்தான். அங்கதான், தளத்துக் கூலிங்க லயத்துல. பதினோரு மாசம் இருந்தான். நிக்கக்கூட ஆரம்பிச்சிட்டான். மூணே நாளு காச்ச." அவள் அழவில்லை. அன்று முழுக்க அழுதவள் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். "நீ வவுத்துல இருந்த. இங்க வந்து பெத்தேன். அதே பேர வச்சா சாமி திருப்பிக் குடுத்ததா இருக்கட்டும்னு வச்சோம்."

"அப்ப நாப்பத்தொம்போது..."

"அது அவனுது. நீ அம்பது புரட்டாசியில பொறந்த. ஒன்ன அங்க படிக்க வைக்கணும்னு ஒங்கப்பாவுக்கு ஆச. புதுசா ஆள உள்ள உட மாட்டேன்னுட்டான் வெள்ளக்காரன். அங்க பொறந்த புள்ளன்னா தடையில்லன்னாங்க. அவன் பொறப்புச் சீட்டு வூட்ல சும்மாதானே கெடந்துச்சு. அதுலயே உன்னக் கூட்டிப் போயிட்டாரு."

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரியும் போலிருந்தது.

குழந்தைவேல் விரல் விட்டு எண்ணினான். வரிசையில் நின்ற அன்று அவனுக்குப் பதினாறரை வயது. டாக்டர் எதற்குச் சிரித்தார் என்று இப்போது தெரிந்தது. பட்டாளம் கூப்பிட்டது அவனை அல்ல. பதினோரு மாதத்தில் செத்துப்போன பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ அந்த மாயவனுக்கு எழுதுவ. அது எங்கயாவது போயி நின்னா, பொய்ச் சீட்டுக்கு அவருல்ல உள்ள போவணும்? பதினாறு வயசுப் புள்ளையத் துப்பாக்கி தூக்கவும் அனுப்ப முடியாது. வேற வழி என்ன இருந்துச்சு?"

"சரி. வேலைய வுட்டுட்டு வந்தாரே, அப்பறம் சொல்லியிருக்கலாமில்ல? எம் மூஞ்சிக்கு நேரா..." பயந்தாங்கொள்ளி என்ற வார்த்தை தொண்டையில் நின்றது.

"நாஞ் சொல்லச் சொன்னேன். அவருதான் வேணாம்னாரு. மொத செட்டுல எடுத்தாங்கன்னு டீக்கடையில சொல்லிக்கிட்டுத் திரியறானே, அது ஒண்ணுதான் அவனுக்குன்னு இருக்கு, அதையும் புடுங்கணுமான்னாரு. நம்மள என்ன வேணா சொல்லிட்டுப் போறான் போன்னாரு."

குழந்தைவேலுக்கு வெட்கம் உடம்பெல்லாம் ஏறியது. பத்து வருஷம் அவன் வேவு பார்த்த மனிதர், வாசலில் கால் கட்டை விரல்கள் கட்டப்பட்டு, நெற்றியில் காசு ஒட்டிக் கிடந்தார். கோபப்பட்டாவது எதையாவது உளறியிருக்கலாம் அவர். வாயைக் கட்டிக்கொண்டு வசவை வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். இவ்வளவு நாள் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இந்தச் சீட்ட எரிச்சிருங்கன்னுகூடச் சொன்னேன்" என்றாள் பச்சையம்மாள். "அவன்னு ஒருத்தன் இருந்தான்றதுக்கு இது ஒண்ணுதான இருக்குதுன்னாரு."

பறை மறுபடி எழுந்தது. தூக்கினார்கள். ஏரிக்கரை வழியாகப் போகும்போது அவன் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். டீக்கடைக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு, "பொட்டியில என்னப்பா இருந்துச்சு?" என்று காதோடு கேட்டார். அவன் தீச்சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.

சுடுகாட்டில் அடுக்கிய விறகின் மேல் உடம்பை வைத்து முகத்துணியை விலக்கினார்கள். தர்மன் தட்டில் அரிசியை எடுத்துக்கொண்டு, "மவன் வந்து மொதல்ல வாய்க்கரிசி போடுங்க. அப்பறம் பங்காளிங்க" என்றார்.

குழந்தைவேல் ஒரு பிடி அள்ளிப் போட்டான். அடுத்து வந்த சின்னதுரைக்கு வழிவிடாமல் அங்கேயே நின்றான். மறுபடியும் தட்டில் கையை வைத்தான்.

தர்மன் தயங்கினார். "அதான் போட்டுட்டீங்களே தம்பி."

"அது அவரு பெரிய மவனுக்காகப் போட்டது" என்றான் குழந்தைவேல். "நான் இன்னும் போடல."

தர்மன் சின்னதுரையைப் பார்த்தார். சின்னதுரை ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார். தர்மன் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.