வாய் நிறைய விதை

மீனம்மாள் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் நாட்டுத் தக்காளி இருந்தால் ரசத்துக்குப் புளியே வேண்டாம். மீனம்மாள் தெருவுக்கே அதை வாரிக் கொடுப்பாள். ஆனால் தொக்காகக் கிண்டிக் கொடுப்பாள், இல்லையென்றால் பச்சைக் காயாகப் பறித்துக் கொடுப்பாள். இரண்டிலும் விதை முளைக்காது. காரைக்குடியில் தாராளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு.

பக்கத்து வீட்டு ஜரீனா மூன்று பாக்கெட் கடை விதை போட்டுப் பார்த்துவிட்டாள். வந்ததெல்லாம் சப்பென்ற பழம். "அடுத்த பட்டத்துக்கு அக்கா வீட்டுச் செடி நம்ம கொல்லையில நிக்கும், பாருங்க" என்று புருஷனிடம் சவால் விட்டாள்.

பாத்திரக்கடையில் நாளெல்லாம் பேரம் பேசுகிற அசன் முகம்மது சிரித்தார். "மீனம்மாகிட்டயா? நானே ரெண்டு தடவை கேட்டுத் தோத்தவன்."

கேட்டால்தானே இல்லை என்பாள்? ஜரீனா கேட்கவில்லை. மறுநாள் காலை மீனம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது போய் நின்றாள்.

"அக்கா, ஒங்க தக்காளியில புழுவாமே. தெருவுல பேசிக்கிறாக."

"எவ சொன்னா?" மீனம்மாள் செக்கச் சிவந்த பழம் ஒன்றைப் பறித்து இரண்டாகப் பிட்டாள். "புழு எங்க இருக்கு? என் கண்ணு முன்னால தின்னு பாரு!"

ஜரீனா பாதியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டாள். சதையை விழுங்கி, விதையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். இனி வீட்டுக்கு ஓட வேண்டியதுதான் பாக்கி.

"எப்படி இருக்கு?"

"ம்ம்."

மீனம்மாள் அவள் கன்னத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபம் போய்க் குழைவு வந்தது.

"ஏத்தா, ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். ஒன் முருங்கைக் கிளை எங்க பக்கம் சாஞ்சு கெடக்கு. செடிக்கு வெயிலே இல்ல, கம்பளிப்பூச்சி வேற. ரெண்டு வருசமா மாட்டேங்கிற. இன்னைக்கு வெட்டிரவா?"

மறுத்தால் காரணம் கேட்பாள். காரணத்துக்கு வாய் வேண்டும். சம்மதத்துக்குத் தலை போதும். ஜரீனா தலையாட்டினாள்.

"ஏங்க, ரம்பத்தை எடுத்துட்டு வாங்க!"

அவள் புருஷன், தச்சர் காளிதாஸ், ரம்பத்தோடு கொல்லை வாசலில் வந்து நின்றதைப் பார்த்தால், கூப்பிடுவதற்கு முன்பே எடுத்துவிட்டவர் போலிருந்தது.

ஜரீனா வீட்டுக்கு ஓடிவந்து கிண்ணத்தில் துப்பினாள். முப்பதுக்குக் குறையாத விதை! வெளியே முருங்கை அறுபடும் சத்தம். அதற்கு மேலே மீனம்மாளின் குரல்.

"ஜரீனா! அதைச் சாறோட ரெண்டு நாள் புளிக்க விட்டு, அப்புறம் அலசிக் காய வையி. அப்பத்தான் நல்லா முளைக்கும்."

இப்போது வாயில் ஒன்றுமில்லை. ஜரீனா கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"அண்ணே! ஏறுனதுதான் ஏறிட்டீக, இங்குட்டு நிக்கிற கிளையையும் அறுத்து விட்ருங்க. எங்க செடிக்கும் வெயில் வேணும்ல?"