குருநகரின் முதலாவது மலைச் சைக்கிள்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், குருநகரின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு மலைச் சைக்கிள், ஒவ்வொரு பாகமும் தனித்தனியே தெரிவு செய்யப்பட்டு, சிக்கனமான செலவில், சூசைதாசன் வீட்டு முற்றத்தில் பொருத்திப் பூட்டப்படவிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம். கீரிமலை இருக்கிறது. மலையைத் தவிர மற்றதெல்லாம் அங்கே உண்டு.

இந்த அறிவித்தலை வட்ஸ்அப்பில் ஊரெங்கும் அனுப்பியவர் உரும்பிராய் சுபாஸ்கரன். தொழில், தோட்டக்காரருக்குப் பூச்சிமருந்து விற்பது. பட்டம், மிதிவண்டித் தொழில்நுட்ப ஆலோசகர். அதை அவரே தனக்குச் சூட்டிக்கொண்டார். தன் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைவிட உயரமான எதிலும் அவர் ஏறியதாகத் தகவல் இல்லை.

சைக்கிள், சூசைதாசனின் மகள் ஜெயனிக்கு. பத்தொன்பது வயது. சோளகக் காற்று முகத்தில் அறைய அறைய, பண்ணைப் பாலத்தில் அப்பாவின் துருவேறிக் கறள் பிடித்த சைக்கிளை மிதித்துப் பழகி, மாகாணப் போட்டியில் இரண்டாவதாக வந்தவள். அடுத்த மாதம் நுவரெலியாவில் மலைச் சைக்கிள் தெரிவுப் போட்டி. முதல் பத்துப் பேருக்குள் வந்தால் தேசியப் பயிற்சி, விடுதி, சாப்பாடு எல்லாம் உண்டு. வராவிட்டால் சித்தப்பாவின் புடவைக்கடையில் துணி மடிக்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று. சைக்கிளை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று ஆங்கில அறிவித்தலில் இருந்தது. இரண்டு பக்க அறிவித்தல். முதற் பக்கத்தை மட்டும் வாசித்து விளக்கியவர் சுபாஸ்கரன்.

பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்றின் உடம்பு மலிவாக அகப்பட்டது. மீன்பிடியில் மிச்சம் பிடித்த காசில் இனி மூன்று சாமான் வாங்க வேண்டும்: அதிர்வு தாங்கும் ஷொக், பின்பக்கப் பல்லுச் சக்கரம், பிறேக். காசு இரண்டுக்குத்தான் காணும்.

“முன்னுக்கு ஷொக் இல்லாமல் மலையாலை இறங்கேலாது அண்ணை. கை ரெண்டும் கழண்டு விழும்,” என்றார் சுபாஸ்கரன்.

“நீர் எத்தினை மலையாலை இறங்கினனீர்?” என்று கேட்டார் சூசைதாசன்.

“நேரிலை இல்லை. யூடியூப்பிலை கனக்க.”

“அப்பா, எனக்கு ஷொக் வேண்டாம்,” என்றாள் ஜெயனி. “பின்னுக்குப் பெரிய பல்லுச் சக்கரம் போடுங்கோ. எதிர்க்காத்துக்கு அதுதான் மிதிக்க லேசு.”

“உந்தச் சக்கரம் சோத்துக் கோப்பை அளவு வருமே பிள்ளை! பாக்கிற சனம் சிரிக்கும்.”

“பின்னுக்கு நிண்டுதானே அங்கிள் சிரிக்கும்?”

சூசைதாசனின் கவலை வேறு. அவர் ஒரேயொரு முறை பதுளைக்குப் போயிருக்கிறார். பஸ் மலையால் இறங்கும்போது கண்ணை இறுக மூடிச் செபமாலை சொன்னவர். புயலில் வள்ளம் ஓட்டிய மனிதர், அன்று பட்ட பயத்தை மனைவி ஸ்ரெல்லாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

“பிறேக் நல்லதா வாங்குவம். கடையிலை இருக்கிறதிலை திறமானது,” என்றார். “மிச்சத்துக்குப் பிள்ளை கேட்ட சக்கரம். ஷொக் வேண்டாம்.”

சுபாஸ்கரன் மனம் நொந்தாலும் கடமை தவறவில்லை. கடையில் இருந்ததிலேயே விலைகூடிய டிஸ்க் பிறேக்கைத் தூக்கிக் காட்டினார். “எண்ணெய்ப் பிறேக் அண்ணை! எல்லாம் எண்ணெய்யிலைதான் வேலை செய்யும்.”

சூசைதாசன் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளோட்டம். குருநகரில் உள்ள ஒரே இறக்கம், கரையில் வள்ளம் இழுக்கும் சீமெந்துச் சரிவு. ஆலோசகரே முதலில் ஓட்டிக் காட்டுவதாகத் தீர்மானமாகியது, தீர்மானித்தவரும் ஆலோசகரே. நவீன பிறேக் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றிவிட்டு ஏறினார், சரிவில் விட்டார், இரண்டு கையாலும் பிறேக்கை அமுக்கினார். சைக்கிள் அதைப் பொருட்படுத்தாமல் கடலுக்குள் போயிற்று.

மீன் விற்கும் பெர்னடெட் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்: “தம்பி, மீன் ஏதும் பட்டுதோ?”

இடுப்பளவு தண்ணீரில் எழும்பிய சுபாஸ்கரன், “நான் அப்பவே சொன்னனான், ஷொக் போடச் சொல்லி!” என்றார்.

ஜெயனி ஓடிப்போய்ச் சைக்கிளைக் கரைக்கு இழுத்தாள். பிறேக் தட்டை விரலால் தடவி முகர்ந்து பார்த்தாள். சுறா எண்ணெய். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எண்ணெய்ப் பிறேக் எண்டவர்... உப்புக் காத்து பிள்ளை. கறள் பிடிச்சு, நீ இறங்கேக்கை...”

கண்போலக் காக்கும் நங்கூரத்துக்கும் கத்திக்கும் மட்டுமே அவர் அந்த எண்ணெய்யைப் பூசுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

“நல்லாத்தான் பூசியிருக்கிறியள் அப்பா,” என்றாள். “ஒரு இடமும் விடேல்லை.”

சைக்கிளைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினார்கள். தட்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள். பிறேக் கட்டைகளை என்ன செய்வதென்று ஜெயனி யூடியூப்பில் தேடினாள். சுபாஸ்கரன் பார்க்காத யூடியூப்பும் இருந்தது. ஸ்ரெல்லாவின் தோசைக்கல்லில் வைத்துப் புகை அடங்கும்வரை சுட்டாள். அன்றைக்குத் தோசையும் சுறாவாக மணந்தது.

பின்னேரம் அதே சரிவில் பன்னிரண்டு தரம் இறங்கிப் பார்த்தாள். பன்னிரண்டு தரமும் தண்ணீர் விளிம்பில் சூசைதாசன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு தரமும் சைக்கிள் அவருக்கு முன்னால் நின்றது.

போட்டிக்கு ஸ்ரெல்லாதான் மகளோடு பஸ்ஸில் போனாள். சூசைதாசன் அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் கிழிந்த வலையைப் பொத்தியபடி, பிறேக்குக்காகச் செபித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் போன் வந்தது.

“அப்பா! ஒன்பதாவது! எடுபட்டிட்டன்!”

அவர் வலையைக் கீழே வைத்தார். “பிறேக் பிடிச்சதோ பிள்ளை?”

“இறக்கமே இல்லை அப்பா. முழுக்க ஏத்தம். ரெண்டாம் பக்கத்திலை போட்டிருந்ததாம். அந்தப் பெரிய சக்கரம்தான் காப்பாத்தினது. முடிஞ்சாப்போலை எல்லாரையும் லொறியிலை ஏத்தி இறக்கினவங்கள்.”

“லொறிக்குப் பிறேக் இருந்ததோ?” என்று கேட்டார் சூசைதாசன்.

அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் அடுத்த அறிவித்தல் வந்தது. ஜெயனியின் சரித்திர வெற்றிக்குத் தமது ஆலோசனையில் தெரிவான நவீன எண்ணெய்ப் பிறேக்கே காரணம் என்றும், இதையிட்டுத் தமக்குப் பாராட்டு விழா எடுப்போர் முற்கூட்டியே அறியத் தரவும் என்றும் சுபாஸ்கரன் எழுதியிருந்தார்.

போட்டியில் பிறேக் பாவிக்கப்படவில்லை.